டுவோலிங்கோ மாறும்போதெல்லாம் ஏன் இவ்வளவு கோபம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டுவோலிங்கோவில் ஜெர்மனோ பிரெஞ்சோ படிக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் "முன்னாடியெல்லாம் இப்படி இல்லை" என்று ஆரம்பித்துவிடுவார்கள். 2012ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட அந்த மொழி கற்கும் தளம், தோற்றத்தையும் பாடம் நடத்தும் முறையையும் பலமுறை மாற்றியிருக்கிறது. பெரிய மாற்றம் வரும்போதெல்லாம் ஒரு கூட்டம் கொதித்துப் போகும். இதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எனக்கு ஒரு சாய்வு உண்டு, படிக்கப் படிக்கத் தெரிந்துவிடும்.

எந்த மாற்றத்துக்கு அதிகமாக எதிர்ப்பு வந்தது?

சந்தேகமே இல்லாமல் 2022ல் வந்த "பாதை" வடிவத்துக்குத்தான். அதுவரை பாடங்கள் மரம் போல அடுக்கப்பட்டிருந்தன. உணவு, குடும்பம், பயணம், இறந்தகாலம் என்று ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு வட்டம். ஒரு வரிசையில் இரண்டு மூன்று வட்டங்கள் இருக்கும், எதை முதலில் தொடுவது என்பது உங்கள் விருப்பம். 2018ல் கிரீடங்கள் என்ற நிலைமுறை வந்தபின் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஐந்து நிலைகள் சேர்ந்தன. ஒன்றை ஒரேயடியாக ஐந்தாம் நிலைவரை முடிக்கலாம், அல்லது ஒன்றில் ஒரு நிலை, அடுத்ததில் ஒரு நிலை என்று மாறி மாறியும் போகலாம்.

2022 ஆகஸ்டில் அந்த மரத்துக்குப் பதிலாக ஒற்றை வழி ஒன்றைக் காட்டினார்கள். நவம்பருக்குள் எல்லோருக்கும் அதுதான் என்று ஆனது. வளைந்து வளைந்து கீழே இறங்கும் ஒரு பாதை, அதில் வரிசையாகப் புள்ளிகள். இந்தப் புள்ளியை முடித்தால் அடுத்த புள்ளி திறக்கும், அவ்வளவுதான்.

வட்டங்களை வேறு மாதிரி அடுக்கினார்கள், அதற்கா இவ்வளவு?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். பல வருடம் பயன்படுத்தியவர்களுக்கு மரம் வெறும் படமாக இருக்கவில்லை. அவரவர் படிக்கும் முறையே அதன்மேல்தான் கட்டப்பட்டிருந்தது.

ஒரு உதாரணம். முன்னேறிப் போகும்போதே பின்னால் விட்டுவந்த வட்டங்களில் ஒவ்வொரு நிலையாக ஏற்றிக்கொண்டே வரும் ஒரு முறையைப் பயனர்கள் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். புதுப் பாடத்தில் முதல் நிலை, சற்று முந்தைய பாடத்தில் இரண்டாம் நிலை, அதற்கும் முந்தையதில் மூன்றாம் நிலை என்று படிப்படியாக. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருவருக்கொருவர் பேசி, அட்டவணை போட்டு, அவரவர் வேகத்துக்கேற்ப மாற்றி உருவாக்கியது. இன்னொரு கூட்டத்தார், நாளை பெர்லினுக்கு விமானம் ஏறப் போகிறோம் என்றால் பயணம், உணவு, வழி கேட்பது ஆகிய மூன்றை மட்டும் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். ஜெர்மன் வேற்றுமை உருபுகளில் தடுக்கி விழுகிறவர், அந்த ஒரு வட்டத்தைத் தேடிப் போய் அதையே பத்துமுறை செய்வார்.

பாதை வந்தபின் இந்த மூன்றுமே சிரமமாகிவிட்டன. மெனு கார்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "இனி மீல்ஸ் மட்டும்தான், நாங்கள் வைக்கிற வரிசையில் சாப்பிடுங்கள்" என்று சொன்ன ஓட்டல் மாதிரி. சாப்பாடு மோசம் என்று யாரும் சொல்லவில்லை, கேட்டுச் சாப்பிட முடியவில்லை என்றுதான் சொன்னார்கள்.

போதாக்குறைக்கு, பழைய கணக்கைப் புதுப் பாதைக்கு மாற்றியதில் ஒரு குழப்பம். மரத்தில் பாதி வட்டங்களை முழுதாக முடித்துப் பொன்னிறமாக்கி வைத்தவர் பாதையில் எங்கே நிற்க வேண்டும்? சிலர் தெரியாத பாடங்களின் நடுவே போய் விழுந்தார்கள். சிலருக்கு முடித்ததையே திரும்ப முடிக்கச் சொன்னது. உழைத்துச் சேர்த்தது கணக்கில் வரவில்லை என்கிற எரிச்சலை அழகான பச்சைப் புள்ளிகளால் சரிக்கட்ட முடியாது.

அப்படியானால் நிறுவனம் ஏன் அதைச் செய்தது?

அவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. புதிதாக வருபவர் மரத்தைப் பார்த்து முழித்தார். அடுத்தது புது வட்டமா, பழையதில் அடுத்த நிலையா? சிலர் எல்லாவற்றிலும் முதல் நிலையை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடினார்கள், மனதில் எதுவும் தங்கவில்லை. சிலர் ஒரே வட்டத்தில் ஐந்து நிலையையும் மென்றுவிட்டு அலுத்துப்போய்ப் போய்விட்டார்கள். கற்றதை இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால்தான் நினைவில் நிற்கும் என்பது மொழி கற்பித்தலில் பழைய பாடம். டுவோலிங்கோவின் ஆய்வாளர்கள் பர் செட்டில்ஸ், பிரெண்டன் மீடர் இருவரும், ஒரு சொல்லை ஒருவர் எப்போது மறப்பார் என்று கணிக்கும் முறையைப் பற்றி 2016லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். பயனர் எங்கே திரும்ப வேண்டும் என்பதை அவர் கையில் விடாமல், அந்த மீள்பார்வையைப் பாதையிலேயே பதித்துவிடலாம் என்பது யோசனை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கெட்டிக்காரப் பயனர்கள் தாங்களாகச் செய்துகொண்டிருந்த படிப்படியான முறையைத்தான், ஏறக்குறைய, எல்லோருக்கும் கட்டாயமாக்கினார்கள். அதனால்தான் அதிகம் கோபப்பட்டவர்களும் அவர்களாகவே இருந்தார்கள். ஒன்றைத் தானாகச் செய்வதும், அதையே செய்யச் சொல்லி ஒருவர் பின்னால் நிற்பதும் ஒன்றல்லவே.

சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கலாம், இது என் ஊகம். ஆளாளுக்கு ஒரு வழியில் போகும் மரத்தைவிட, எல்லோரும் ஒரே வழியில் நடக்கும் பாதையில் பாடம் எழுதுவதும் சோதனை நடத்துவதும் சுலபம்.

மனிதர்களுக்கு எந்த மாற்றமும் பிடிக்காது. இதுவும் அந்த வகைதானே?

பாதி உண்மை. 2006ல் ஃபேஸ்புக், நண்பர்கள் செய்வதையெல்லாம் முதல் பக்கத்தில் வரிசையாகக் காட்டும் நியூஸ் ஃபீட் கொண்டுவந்தபோது அதை எதிர்த்து லட்சக்கணக்கானோர் ஃபேஸ்புக்கிலேயே குழு சேர்ந்தார்கள். இன்று நியூஸ் ஃபீட் இல்லாத ஃபேஸ்புக்கை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. நிறம், எழுத்துரு, பொத்தான் இருக்கும் இடம் பற்றிய முணுமுணுப்பெல்லாம் சில வாரங்களில் அடங்கிவிடும். கண்ணும் விரலும் பழகிக்கொள்ளும்.

ஆனால் முன்பு செய்ய முடிந்த ஒன்றை இப்போது செய்ய முடியவில்லை என்ற புகார் பழக்கத்தால் அடங்காது. எத்தனை மாதம் ஆனாலும், வேண்டிய தலைப்பை எடுத்துப் படிக்க முடியவில்லை என்றால் முடியவில்லைதான். வடிவமைப்பாளர்கள் இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டு "கொஞ்ச நாளில் பழகிவிடுவார்கள்" என்று நகர்ந்துவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

எதிர்ப்பால் ஏதாவது மாறியதா?

பாதை விஷயத்தில் இல்லை. பழைய வடிவத்துக்குத் திரும்பும் எண்ணமில்லை என்று தலைமைச் செயல் அதிகாரி லூயிஸ் வான் ஆன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். எண்ணிக்கையும் அவர் பக்கம்தான் நின்றது. 2021 கடைசிக் காலாண்டில் தினசரிப் பயனர்கள் சுமார் 1 கோடி. பாதை முழுமையாக வந்துவிட்ட 2022 கடைசிக் காலாண்டில் 1.63 கோடி. அடுத்த வருடம் அதே காலாண்டில் 2.69 கோடி, 2024ல் 4 கோடியைத் தாண்டியது.

எல்லா நிறுவனத்துக்கும் இப்படி வாய்த்துவிடாது. நண்பர்கள் படமும் செய்தியும் அனுப்பிக்கொள்ளும் ஸ்னாப்சாட் 2018ல் செயலியின் அமைப்பை மாற்றியபோது, பழையதைத் திரும்பக் கொடுங்கள் என்ற மனுவில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அவர்களின் தினசரிப் பயனர் எண்ணிக்கை 19.1 கோடியிலிருந்து 18.8 கோடிக்கு இறங்கியது. அப்புறம் அவர்கள் வடிவமைப்பில் சிலவற்றைத் திரும்ப மாற்றினார்கள். ஸ்னாப்சாட்டில் நண்பன் போய்விட்டால் நீங்களும் போய்விடுவீர்கள். மொழி படிப்பது பெரும்பாலும் தனியாள் வேலை. பழையவர் ஒருவர் விலகினால் அடுத்தவருக்குத் தெரியவே தெரியாது.

எண்ணிக்கை ஏறியது என்றால், கோபப்பட்டவர்கள் சொன்னது தவறு என்றுதானே அர்த்தம்?

இந்தப் பக்கத்தை நான் எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். இல்லை, அப்படி அர்த்தமில்லை.

தினசரிப் பயனர் என்ற கணக்கில், செயலியைத் திறந்து இரண்டு நிமிடப் பாடம் ஒன்றை முடித்து ஸ்ட்ரீக்கை (விடாமல் படித்த நாட்களின் எண்ணிக்கையை) காப்பாற்றிக்கொண்டவரும் ஒருவர், ஒரு மணி நேரம் உட்கார்ந்து வினைச்சொற்களோடு மல்லுக்கட்டியவரும் ஒருவர். "எனக்கு வேண்டியதை வேண்டிய நேரத்தில் படிக்க முடியவில்லை" என்ற புகாருக்கு "நிறையப் பேர் வருகிறார்களே" என்பது பதிலே ஆகாது. கேள்வி ஒன்று, விடை வேறொன்று.

தவிர, புதிதாக வந்த கோடிக்கணக்கானவர்கள் மரத்தைப் பார்த்ததே இல்லை. இல்லாததை அவர்கள் எப்படித் தேடுவார்கள்? அவர்கள் வந்ததில் ஸ்ட்ரீக், பயனர்களுக்குள் போட்டி வைக்கும் லீக், டுவோலிங்கோவின் சின்னமான அந்த ஆந்தையின் விளம்பரக் கூத்து எல்லாவற்றுக்கும் பங்குண்டு. பாதைக்கு மட்டும் அந்தப் பெருமையைத் தூக்கிக் கொடுக்க முடியாது. அதற்காக, பாதையால் வளர்ச்சி கெட்டது என்று சொல்லவும் ஆதாரமில்லை.

நிறுவனத்துக்கு முக்கியம், நாளைக்கும் நீங்கள் வருவீர்களா என்பது. 2021 ஜூலையில் பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம், வேறெப்படி இருக்கும்? உங்களுக்கு முக்கியம், மொழி வருகிறதா என்பது. பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒரே திசையில்தான் போகும். பிரியும் இடத்தில்தான் சண்டை வருகிறது.

ஹார்ட், எனர்ஜி என்கிறார்களே, அது என்ன தகராறு?

முன்பு இலவசமாகப் படிப்பவர்களுக்கு ஐந்து ஹார்ட் இருக்கும். ஒரு பிழைக்கு ஒன்று போகும். தீர்ந்துவிட்டால் காத்திருக்க வேண்டும், அல்லது பழைய பாடத்தைப் பயிற்சி செய்து சம்பாதிக்க வேண்டும், அல்லது செயலிக்குள் சேர்த்துவைத்த ரத்தினக் கற்களைச் செலவழிக்க வேண்டும், அல்லது சந்தா கட்ட வேண்டும். "பிழை செய்யாமல் மொழி கற்க முடியுமா? பிழைக்கே அபராதமா?" என்பது பயனர்களின் வாதம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பயந்து பயந்து பதில் சொல்கிறவர் தெரிந்த பாடத்தையே சுற்றிக்கொண்டிருப்பார்.

2025ல் ஹார்ட்டை எடுத்துவிட்டு எனர்ஜியைக் கொண்டுவந்தார்கள். இனி பிழைக்குத் தண்டனை இல்லை என்றார்கள். உண்மைதான், சரியாகச் சொன்னாலும் தவறாகச் சொன்னாலும் ஒவ்வொரு கேள்விக்கும் எனர்ஜி குறையும்! தொடர்ந்து சரியாகச் சொன்னால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். பழைய முறையில் பிழையே செய்யாதவர் இலவசமாக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படிக்கலாம். புது முறையில் நன்றாகப் படிப்பவருக்கும் ஒரு கட்டத்தில் கதவு மூடும். இது மீட்டர் போட்டு ஓடும் ஆட்டோ ஆகிவிட்டது என்று கோபப்பட்டவர்களிடம் எனக்குச் சொல்ல மறுப்பு ஒன்றுமில்லை. காசு வேண்டும் என்பது நிறுவனத்தின் உரிமை. அதைக் கற்பித்தல் சீர்திருத்தம் என்று பெயர் சூட்டிச் சொல்லும்போதுதான் ஆத்திரம் வருகிறது.

இவ்வளவு கோபம் இருந்தும் ஏன் விட்டுப் போவதில்லை?

ஸ்ட்ரீக். ஆயிரம் நாள் விடாமல் செய்துவந்த எண் ஒன்று திரையில் எரிந்துகொண்டிருக்கும்போது, கொள்கைக்காக அதை அணைக்க மனது வராது. முன்பு ஸ்ட்ரீக் ஏற வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொண்ட தினசரி இலக்கை எட்ட வேண்டும். பிற்பாடு ஒரே ஒரு பாடம் முடித்தாலே போதும் என்று தளர்த்திவிட்டார்கள். யாரும் எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சலுகையாக வரும் மாற்றத்தை யாரும் மாற்றம் என்றே நினைப்பதில்லை.

வாக்கியங்களுக்குக் கீழே விவாதங்கள் இருக்குமே, அவை எங்கே போயின?

மூடிவிட்டார்கள். பாதையைவிட இதுதான் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன், இதற்குப் போதிய சத்தம் எழவில்லை என்றும் நினைக்கிறேன்.

பின்கதை இதுதான். 2013ல் டுவோலிங்கோ இன்குபேட்டர் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. இருமொழி தெரிந்த தன்னார்வலர்கள் காசு வாங்காமல் பாடத்திட்டங்களை எழுதினார்கள். பல பாடங்களுக்கு அவர்கள் எழுதிய இலக்கணக் குறிப்புகள் நல்ல விரிவாக இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே ஒரு விவாதம் ஓடும். "இங்கே ஏன் இந்த உருபு?" என்று ஒருவர் கேட்டிருப்பார், அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்லியிருப்பார். நீங்கள் அதே இடத்தில் தடுக்கும்போது, பதில் ஏற்கெனவே காத்திருக்கும்.

தன்னார்வலர் திட்டம் 2021ல் முடிவுக்கு வந்தது. 2022 மார்ச்சில் பொது விவாத மேடையை மூடினார்கள். வாக்கிய விவாதங்கள் கொஞ்ச காலம் படிக்க மட்டும் கிடைத்தன, பிறகு அதுவும் போயிற்று. பாதை வந்தபோது நீண்ட குறிப்புகளின் இடத்தில் "வழிகாட்டி" என்று ஒன்று வந்தது. பல பாடங்களில் அது நாலைந்து மாதிரி வாக்கியங்களோடு நின்றுவிடுகிறது. ஆட்களை வைத்து விவாதங்களை மேய்ப்பது செலவு பிடிக்கும் வேலைதான், புரிகிறது. ஆனால் "ஏன்?" என்று கேட்க இடமில்லாத மொழி வகுப்பு எவ்வளவு தூரம் போகும்?

இதற்குப் பிறகு, 2023 மார்ச்சில் வந்த மேக்ஸ் என்ற உயர்நிலைச் சந்தாவில், பதில் ஏன் தவறு என்று ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவு விளக்கிச் சொல்லும் வசதி வந்தது. முன்பு மனிதர்கள் இலவசமாகச் சொன்னது, இப்போது இயந்திரம் கட்டணத்துக்குச் சொல்கிறது என்று பழைய பயனர்கள் கிண்டலடித்தார்கள். கிண்டல் சரியான இடத்தில்தான் விழுந்தது.

என் செயலியில் ஒரு மாதிரி இருக்கிறது, தம்பியின் செயலியில் வேறு மாதிரி இருக்கிறதே?

இருவரும் வெவ்வேறு சோதனைக் குழுவில் இருக்கிறீர்கள். பயனர்களைக் குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு வடிவம் காட்டி ஒப்பிடும் ஏ/பி சோதனைகளை ஒரே நேரத்தில் ஏராளமாக ஓட்டுவது அவர்கள் வழக்கம். அதனால்தான் ஒரு மாற்றத்தைப் பற்றிப் பத்துப் பேர் பேசினால் பத்து விதமாகப் பேசுகிறார்கள். ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆந்தை ஐகான் அடிக்கடி மாறுகிறதே, அதற்கு யாரும் கோபப்படுவதில்லையா?

2024ல் மூக்கொழுகும் நோயாளி ஆந்தை வந்தது. 2025 பிப்ரவரியில் ஆந்தை செத்துவிட்டது என்றே அறிவித்து, பிறகு உயிரோடு கொண்டுவந்தார்கள். சிலர் அருவருப்பாக இருக்கிறது என்றார்கள், பெரும்பாலோர் சிரித்துவிட்டுப் போனார்கள். படிப்பைத் தொடாத மாற்றம் என்பதால் அதோடு முடிந்தது.

பயனர் எதிர்ப்பு டுவோலிங்கோவை ஒருபோதும் அசைத்ததே இல்லையா?

ஒரு முறை அசைத்தது. அது வடிவமைப்புக்காக இல்லை என்பதுதான் விசேஷம். 2025 ஏப்ரல் கடைசியில், இனி செயற்கை நுண்ணறிவுக்கே முதலிடம், அது செய்யக்கூடிய வேலைக்கு ஒப்பந்தப் பணியாளர்களைப் படிப்படியாகக் குறைப்போம் என்ற வான் ஆனின் குறிப்பு வெளியானது. சமூக ஊடகங்களில் பெரும் கண்டனம். நிறுவனம் தன் டிக்டாக், இன்ஸ்டாகிராம் பதிவுகளையெல்லாம் கொஞ்ச நாள் மறைத்துவைக்கும் அளவுக்குப் போனது. அந்தக் காலாண்டில் பயனர் வளர்ச்சி அவர்கள் எதிர்பார்த்ததின் கீழ் எல்லையில் நின்றது, இந்த எதிர்வினையும் ஒரு காரணம் என்று பின்னர் அவரே சொன்னார். அப்போதும் வளர்ச்சி 40 சதவீதம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மற்ற தளங்கள் எப்படி?

மெம்ரைஸ் என்ற மொழி கற்கும் தளம் 2019ல், பயனர்களே உருவாக்கிய பாடங்களைத் தனித் தளத்துக்குப் பிரித்து அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பிப் பிற்பாடு திரும்பக் கொண்டுவந்தது. சில வருடங்கள் கழித்து மறுபடியும் பிரித்தது. இரண்டாம் முறை எதிர்க்கப் பலருக்குத் தெம்பில்லை.

ஆன்கி நேர் எதிர். கேள்வி-பதில் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டி மனதில் பதிய வைக்கும், டேமியன் எல்ம்ஸ் 2006ல் வெளியிட்ட திறந்தமூல மென்பொருள். பார்க்க ஒன்றும் அழகில்லை, வருடக்கணக்காக அதே முகம். 2023ல் அட்டைகளை எப்போது திரும்பக் காட்டுவது என்பதைக் கணக்கிட எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புது முறையைச் சேர்த்தார்கள். அது பழையதைவிட மேல் என்று பலர் சொன்னபோதும், விரும்புகிறவர்கள் மட்டும் இயக்கிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பெரிய சண்டை எதுவும் வரவில்லை.

சரி, மாற்றம் பிடிக்கவில்லை. நான் என்ன செய்யலாம்?

மரம் திரும்ப வராது, அதற்குக் காத்திருக்க வேண்டாம். பாதையில் தெரிந்த பகுதியில் மாட்டிக்கொண்டால், தேர்வு எழுதித் தாண்டிப் போகும் வசதி இருக்கிறது, தயங்காமல் தாண்டுங்கள். முடிந்தவரை கணினி உலாவியில் செய்யுங்கள். சொற்களைத் தட்டிச் சேர்ப்பதற்குப் பதில் விசைப்பலகையில் முழு வாக்கியத்தையும் எழுதும்படி மாற்றிக்கொள்ள அங்கே வழி உண்டு. படிப்பு அப்போதுதான் ஒட்டுகிறது. இலக்கணத்துக்கு ஒரு நல்ல புத்தகத்தைப் பக்கத்தில் வையுங்கள். கற்ற சொற்களை ஆன்கியிலோ ஒரு நோட்டிலோ உங்கள் பெயரில் எழுதிவையுங்கள், அடுத்த அப்டேட் அதைத் தொட முடியாது.

புகார் எழுதுவதென்றால் "பழையதே நல்லா இருந்தது" என்று எழுதாதீர்கள், அதைப் படித்து அவர்கள் எதையும் செய்ய முடியாது. எந்தப் பாடத்தில், என்ன செய்ய முயன்றீர்கள், எது முடியவில்லை என்று எழுதுங்கள். பதில் வருமா என்று கேட்டால், பெரும்பாலும் வராது.